வாசற்படி தாண்டும் முன்

லினக்ஸில் சொந்தமாக மெயில் சர்வர் அமைப்பவர்களின் கவலையெல்லாம் மெயில் போய்ச் சேருமா, ஸ்பேம் அடங்குமா என்பதிலேயே கரைந்துவிடும். வந்து விழுந்த மெயிலை எடுத்துக் கொடுக்கும் பகுதியை, ஐமேப்பும் பாப்3யும் பேசும் அந்தச் சர்வரை, கடைசியில் ஒரே கட்டளையில் நிறுவிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிரியமானது அந்தப் பகுதிதான். அதில் ஒரு கணம் உண்டு. யாரோ ஒருவர் 993ஆம் போர்ட்டில் வந்து இணைந்துவிட்டார். இன்னும் கடவுச்சொல் சொல்லவில்லை. அவர் நம் ஆளா, எங்கிருந்தோ நோட்டம் பார்க்கும் நிரலா என்று தெரியாது. தெரியாவிட்டாலும் அவர் அனுப்பும் ஒவ்வொரு எழுத்தையும் சர்வர் வாங்கிப் படித்தே ஆக வேண்டும். இந்தக் கணத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே ஒரு மெயில் சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கட்சி.

இங்கே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1998 ஜூலை சாட்சி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐமேப் சர்வர் அப்போது பல லினக்ஸ் வெளியீடுகளோடு கூடவே வந்தது. எழுதியவர் மார்க் கிறிஸ்பின். ஐமேப் நெறிமுறையையே 1980களில் உருவாக்கியவர் அவர். அதன் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும், உள்ளே நுழைவதற்கான ‘ஆதென்டிகேட்’ கட்டளையோடு அளவுக்கு மீறி நீண்ட ஒன்றை அனுப்பினால் நினைவகத்தின் எல்லை உடைந்து, அனுப்பியவரின் நிரல் சர்வரின் அதிகாரத்திலேயே ஓடத் தொடங்கியது. சர்வர் ரூட்டாக ஓடினால் அந்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லை. அந்நியரிடம் பேசுகிற வாயும் எவர் பெட்டியையும் திறக்கிற கையும் ஒரே பிராசஸாக இருந்தன. பிழை சிறியது, அது நின்ற இடம்தான் கொடியது.

இன்று தேர்ந்தெடுக்க வேறு சில உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சைரஸ், மெயில்களைத் தன் சொந்த அமைப்பில் வைத்துக்கொள்ளும். பெரிய வளாகங்களுக்கு ஏற்றது. கூரியர், மெயில்டிர் முறையோடு வளர்ந்த உறுதியான சர்வர். இரண்டையும் குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் ஒரு சிறு அலுவலகத்துக்கோ குடும்பத்துக்கோ என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது டவ்காட். பின்லாந்துக்காரரான டிமோ சிரைனென் 2002 ஜூலையில் அதன் முதல் வெளியீட்டைத் தந்தார். வெளியிலிருந்தபடி அதை உடைத்துக்காட்டும் முதல் ஆளுக்கு 1000 யூரோ தருவதாகப் பின்னர் அறிவித்தார். அதுவும் தன் கைப்பணத்திலிருந்து. தான் எழுதிய நிரலின் பக்கத்தில் ஒருவர் இப்படி வந்து நிற்பதைப் பார்க்கும்போது மரியாதை பிறக்கிறது.

அந்தத் துணிவு வெறும் பேச்சல்ல என்பது, ஓடிக்கொண்டிருக்கும் டவ்காட்டின் பிராசஸ் பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். ரூட்டாக இருக்கும் தலைமைப் பிராசஸ் வாடிக்கையாளரிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மற்றவற்றைக் கிளப்பிவிட்டுக் கண்காணிப்பதோடு சரி. அந்நியரிடம் பேசுவது ‘ஐமேப்-லாகின்’. அது ‘டவ்நல்’ என்ற யூசரின் பெயரில் ஓடுகிறது. அந்த யூசருக்கு அந்தக் கணினியில் சொந்தமாக ஒரு கோப்புகூடக் கிடையாது. அது போதாதென்று குரூட் செய்து, மற்ற எதுவும் கண்ணில் படாத ஓர் அடைவுக்குள் அதை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ‘ஆத்’ என்ற வேறொரு பிராசஸ். மெயில்பெட்டியைத் திறப்பது ‘ஐமேப்’ என்ற இன்னொன்று. அது நுழைந்தவருக்கு உரிய யூசர் அடையாளத்தோடு மட்டுமே ஓடும். வழிப்போக்கர் யாரும் வந்து உட்காரலாம், ஆனால் நிலைப்படிக்கு உள்ளே இருப்பது ஒன்றும் அவர் கைக்கு எட்டாது என்ற ஏற்பாட்டோடு கட்டிய பழைய வீட்டுத் திண்ணை போன்றது அந்த ஐமேப்-லாகின்.

இனி வருவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த இடம். கடவுச்சொல் சரி என்று ஆத் சொல்லிவிட்டது. லாகின் பிராசஸ் இப்போது இணைப்பை உள்ளே ஒப்படைக்க வேண்டும். “இவர் இன்னார், பார்த்தாகிவிட்டது, விடுங்கள்” என்று அது சொல்ல, உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம். பல வடிவமைப்புகள் அதோடு திருப்தியடைந்திருக்கும். டவ்காட்டில் லாகின் பிராசஸின் பேச்சு எடுபடாது. அது உள்ளே கொடுப்பது வெறும் ஒரு கோரிக்கை எண். அந்த எண்ணை வாங்கிய பக்கம், லாகின் பிராசஸ் தொடவே முடியாத வேறொரு சாக்கெட் வழியாக ஆத்திடம் போய், இந்தக் கோரிக்கையில் தேறியவர் யார் என்று தானே விசாரிக்கிறது. பெயர் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே ஒருவர் லாகின் பிராசஸை முழுதாகத் தன் வசப்படுத்திவிட்டாலும், கடவுச்சொல் தெரியாமல் ‘நான்தான் முதலாளி’ என்று பொய் சொல்லி முதலாளியின் பெட்டியைத் திறக்க முடியாது. தன் நிரலின் ஒரு பகுதி நாளைக்கு எதிரியின் கைக்குப் போகலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுவதற்கு எத்தனை நிதானம் வேண்டும்!

அந்த நாள் ஏறக்குறைய வரவும் செய்தது. 2019 ஆகஸ்டில் ஒரு பிழை வெளியானது: மேற்கோள் குறிகளுக்குள் வரும் சொல்லில் பூஜ்ய பைட் ஒன்று கலந்திருந்தால் டவ்காட் தடுமாறி, நினைவகத்தில் தன் எல்லைக்கு அப்பால் எழுதியது. கடவுச்சொல் கேட்கும் முன்பே அதைத் தூண்ட முடிந்தது. 1998இல் உடைந்த அதே கணம். உடனே புதுப்பித்தே ஆக வேண்டிய பிழை, அதில் ஐயமில்லை. ஆனால் இம்முறை அந்தக் கணத்தில் நின்றிருந்தது ரூட் அல்ல, ஒன்றுமில்லாத டவ்நல்.

முழுக்க ஒன்றுமில்லாதது என்று சொன்னால் அது மிகை. டிஎல்எஸ் பேசுவதும் இந்த லாகின் பிராசஸ்தான் என்பதால் சான்றிதழின் ரகசியச் சாவி அதன் நினைவகத்தில் இருக்கிறது. அதனால்தான் டவ்காட் 2.3 வரிசையின் இயல்பான அமைப்பை நான் மாற்றுவதில்லை. அதில் ஒவ்வொரு புது இணைப்புக்கும் ஒரு தனி லாகின் பிராசஸ் பிறக்கும். வேலை முடிந்ததும் மடியும். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் பிழை சர்வர்களின் நினைவகத்தைத் துண்டு துண்டாகக் கசியவிட்டபோது இந்தப் பிரிவினையின் அருமை தெரிந்தது: சாவிக்கு ஆபத்து இருந்தாலும், ஒருவரின் இணைப்பிலிருந்து பக்கத்தவரின் கடவுச்சொல் கசிய வழியில்லை. ஒரே பிராசஸ் பல இணைப்புகளைச் சுமக்கும் வேக முறையும் இருக்கிறது. மிகப் பெரிய சர்வர்களுக்கு அது தேவைப்படலாம். இருபது பேர் உள்ள அலுவலகத்துக்கு எதற்கு?

அமைக்க உட்கார்ந்தால் இதே மனம் சின்னச் சின்ன இடங்களிலும் தட்டுப்படும். 500க்குக் கீழே எண் உள்ள யூசர்களை இயல்பிலேயே உள்ளே விடாத ஒரு வரம்பு உண்டு. அதைப் பூஜ்யமாக மாற்றினாலும் ரூட் நுழைய முடியாது. அந்தத் தடை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அமைப்புக் கோப்பின் குறிப்பே சொல்கிறது. தவறான கடவுச்சொல்லுக்கும் இல்லாத யூசருக்கும் வெளியே போகும் பதில் ஒன்றே. எது என்ன என்று, அமைப்பில் கேட்டுக்கொண்டால், லாகில் மட்டும் பிரித்து எழுதப்படும். தோற்றவருக்குப் பதில் உடனே போகாது, 2 விநாடி காக்க வைக்கும். அதே முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப முட்டினால் காத்திருப்பு 15 விநாடிவரை நீளும்.

143ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் இன்னொன்றைப் பார்க்கலாம். குறியாக்கம் இல்லாமல் இங்கே லாகின் கிடையாது என்று டவ்காட் முதலிலேயே அறிவித்துவிடும். அதைக் கேளாமல் ஒரு மெயில் செயலி கடவுச்சொல்லை அப்படியே அனுப்பிவிட்டால், மறுப்பதோடு நிற்காது. கூடாது என்றும் உங்கள் செயலி அனுப்பிவிட்டது, யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் கடவுச்சொல் வெளிப்பட்டுவிட்டது என்று பயனாளருக்கே எச்சரிக்கை அனுப்பும். மறுப்பு சர்வரைக் காக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியமோ அந்த மனிதரைக் காக்கிறது. அதற்காகவே எனக்கு இந்த நிரலின் மேல் தனிப் பாசம்.

ஆனாலும் 143ஐ மூடிவிட்டு 993ஐ மட்டும் வைத்துக்கொள்ளவே நான் சொல்வேன். முதல் பைட்டிலிருந்தே குறியாக்கம் இருக்கட்டும் என்பதுதான் 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314இன் பரிந்துரையும். டிஎல்எஸ் 1.2க்குக் குறைந்தவை வேண்டாம். அமைத்ததைச் சர்வருக்குள் இருந்தபடி சோதித்துத் திருப்திப்பட வேண்டாம். ஒரே கணினிக்குள் வரும் இணைப்பைப் பாதுகாப்பானது என்று டவ்காட் எடுத்துக்கொள்வதால், வெளியே மறுக்கப்படுவது உள்ளே நடந்துவிடும். வேறொரு கணினியிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையால் தொட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

ஏதாவது சிக்கினால், ‘டவ்கான்ஃப்’ கட்டளையோடு ‘என்’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். நூற்றுக்கணக்கான அமைப்புகளில் நீங்கள் கைவைத்து மாற்றியவற்றை மட்டும் அது காட்டும். லாகையும் நிதானமாகப் படிக்கலாம். அனுமதி இல்லை என்று ஒற்றைச் சொல்லில் கைவிரிக்கும் நிரல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விருந்து: எந்த யூசராக, எந்தக் குழுவாக முயன்றேன், வழியில் எந்த அடைவில் எந்த அனுமதி குறைந்தது, அந்த அடைவு யாருடையது, அதன் அனுமதி எண் என்ன என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். இதை எழுதியவர், இரவு இரண்டு மணிக்கு இந்த வரியைப் படிக்கப்போகிற ஒருவரை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

டெபியன் 12இலிருந்து 13க்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டவ்காட் அங்கே 2.4 வரிசைக்குப் போய்விடுகிறது. சான்றிதழ் அமைப்பு உட்படப் பல பெயர்கள் மாறியிருக்கின்றன. பழைய கோப்பு அப்படியே ஓடாது. எந்தப் பதிப்புக்காக எழுதிய அமைப்பு இது என்பதைக் கோப்பின் தலையிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பழையதைத் தோராயமாகப் புரிந்துகொண்டு ஓட முயலாமல், கிளம்பவே மறுத்துவிடும்.