ஓர் அடுப்பில் மூன்று சமையல்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'இளைப்போம் வாங்க' என்று மாறியது. பதினோரு பேர். ஞாயிறு காலை எடை மெஷினில் ஏறி, பாதமும் எண்ணும் தெரியப் படம் எடுத்துப் போட வேண்டும். சித்தப்பாதான் கணக்குப்பிள்ளை. மாசி வரை பதினோரு ஜோடிப் பாதங்களும் வந்தன. சித்திரை பிறந்தபோது சித்தப்பாவின் பாதம் மட்டும்தான் மிச்சம்.

அதற்காகச் சேர்ந்து இளைப்பதே வெட்டிவேலை என்று சொல்லிவிட முடியாது. 1999-இல் அமெரிக்காவில் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 166 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை இருந்தார்கள். குறைத்த எடை நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை ஏறாமல் காத்தவர்கள் 24 சதவீதம். மூன்று நண்பர்களோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கவும் கற்றுக்கொண்டவர்களில் இந்த எண்கள் 95, 66. பெரிய வித்தியாசம்தான். ஆனால் தனியாகவா கூட்டாகவா என்பதை ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு மூன்று நண்பர்கள் இருப்பவரின் வாழ்க்கை ஏற்கெனவே கொஞ்சம் நன்றாகத்தானே இருக்கும்? பத்து மாதமும் நீண்ட காலமல்ல.

எனக்கு அந்தச் சதவீதங்களைவிட ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணியின் பிஸ்கட் கதைதான் அதிகம் சொல்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்தவர்; எடை சுமார் 97 கிலோ. அழுக்குத்துணிக் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்பாராம். நகராட்சியின் எடைக்குறைப்பு மையத்துக்குப் போய்வந்தார். உணவுப் பட்டியல் கிடைத்தது, பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லத்தான் அங்கே வாய் வரவில்லை. 1961-இல் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் திருட்டுகளைச் சொன்னார்கள். அந்தக் கூடம்தான் 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாயிற்று. பிறகு அது பெரிய வியாபாரமானது வேறு கதை. அங்கே கூடியவர்கள் எல்லோரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள், நீதிபதி யாருமில்லை.

நம் குடும்பத்தில் நீதிபதிகளுக்கா பஞ்சம்? ராத்திரி பதினொரு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்த கதையை மருமகள் மாமனாரிடம் சொல்ல முடியுமா? கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைத் தொட்டால் "உனக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல். நிஜமாகவே இளைத்துவிட்டாலோ, "என்னடி இப்படி வத்திப்போயிட்டே, சுகரா?" துணை என்ற பெயரில் காவல் வந்து உட்கார்ந்துகொண்டால் மனுஷன் சாப்பிடுவதைக் குறைப்பதில்லை, ஒளிந்து சாப்பிடத்தான் கற்றுக்கொள்கிறான்.

இன்னொரு கணக்கைச் சித்தப்பா எழுதவே இல்லை. அண்ணன் ஏழு கிலோ குறைத்தார். குழுவில் கைதட்டலை அள்ளினார். அவருக்குக் கேழ்வரகு தோசை, பிள்ளைகளுக்கு வெள்ளை இட்லி, அம்மாவுக்குக் குழைந்த சோறு என்று அண்ணி ஓர் அடுப்பில் மூன்று சமையல் செய்தார். காலை ஐந்தரைக்கு எழுந்தவர் ஐந்துக்கே எழ வேண்டியதாயிற்று. நின்றுகொண்டே பிள்ளைகள் தட்டில் மிஞ்சிய இட்லியைச் சட்னியோடு வழித்து வாயில் போட்டுக்கொள்வார்; அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. அவர் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அதிக எடை கொண்ட பெண்கள் நூற்றுக்கு 40, ஆண்கள் 37. அந்த மூன்று பேர் வித்தியாசம் முழுதும் அடுப்படியில்தான் இருக்கிறது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் குடும்ப ஆதரவு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, கூலியில்லாத ஒரு பெண்ணின் உழைப்பு.

வீடே சேர்ந்து இளைப்பதானால் எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், சோறு மட்டும் அவரவர் அளவுக்கு என்று வைத்தாலே பாதி வேலை முடியும். எடையைச் சபையில் ஏலம் போட வேண்டியதில்லை. மனம்விட்டுப் பேசத் தனக்கு நிகரான ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் கிடைப்பார்.

அண்ணிக்குக் கிடைத்தவர் மாடிவீட்டு அக்கா. இப்போது இருவரும் விடிகாலையில் ரயில்வே கேட் வரை நடந்து வருகிறார்கள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது; எடை மெஷின் பக்கம் இருவரும் போவதில்லை. அந்த நேரத்தில் அண்ணன் வெங்காயம் நறுக்குகிறார். துண்டுகள் இன்னும் கொஞ்சம் பெரிசாகத்தான் விழுகின்றன.