குள்ளன் என்றால் கொதிக்கும் பையன்

சிறுவன் நாயகனாக வரும் மாயாஜால அனிமே தொடர்களில் அவன் வளர்ச்சியை நாம் பெரும்பாலும் பலத்தை வைத்தே அளக்கிறோம். போன எதிரியை விடப் பெரிய எதிரி, போன அடியை விடப் பெரிய அடி. 2009-10இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரை இந்தக் கணக்கோடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எட்வர்ட் எல்ரிக் 12 வயதிலேயே அரசு ரசவாதியாகிவிட்டவன். வித்தையில் அவனுக்குக் குறையொன்றுமில்லை. 64 பகுதிகளிலும் அவன் படிப்பதெல்லாம் தன்னால் எது ஆகாது என்பதைத்தான். (முடிவைத் தொடாமல் இதைச் சொல்ல வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பக்கம் எங்கேயும் போகாது.)

இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவர அண்ணனும் தம்பியும் முயல்கிறார்கள். தம்பி அல்ஃபோன்ஸின் உடம்பு மொத்தமும் போகிறது, எட்வர்டுக்கு இடது கால். தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் பிணைத்துவைக்க வலது கையையும் கொடுக்கிறான். எதைப் பெற வேண்டுமானாலும் அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உலகத்தின் சட்டம்.

நான்காம் பகுதியை நிதானமாகப் பாருங்கள். டக்கர் என்ற ரசவாதி தன் மகள் நீனாவையும் வீட்டு நாயையும் ஒன்றாகக் கலந்து, பேசும் மிருகமாக்கிவிடுகிறான். எட்வர்ட் அவனைக் குத்தித் தள்ளுகிறான். நியாயமான கோபம் என்று கடந்துவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கைகள் எந்தப் பேச்சைக் கேட்டுக் கட்டுமீறுகின்றன என்று கவனியுங்கள்: நீயும் நானும் ஒரே ஜாதிதான், முடியும் என்பதால்தானே நீயும் அதைச் செய்தாய் என்று டக்கர் சொல்லும்போது. பதில் இல்லாதவன்தான் அப்படி அடிப்பான்.

பிரசவம் பார்க்கும் 11ஆம் பகுதியில் அவன் வித்தை எதற்கும் உதவாமல் ஓரமாக நிற்கிறான். காரியத்தை முடிப்பவள் அவனுடைய சிறுவயதுத் தோழி வின்ரி. அதைச் சிரிப்புக் காட்சி என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் என் கணக்கில் தொடரின் உச்சம் 20ஆம் பகுதிதான். சண்டையே கிடையாது. அன்று அம்மாவாக உருவாக்க நினைத்து உருக்குலைந்துபோன அந்தப் பிண்டத்தைப் புதைத்த இடத்துக்குக் கொட்டும் மழையில் போய், வின்ரியின் பாட்டி பினாகோ உடனிருக்க, தோண்டுகிறான். கையும் காலும் போன இடங்கள் மழைக்கு வலிக்கின்றன, குமட்டி வாந்தியெடுக்கிறான், மறுபடி தோண்டுகிறான். கிடைக்கும் முடி கறுப்பு. எலும்பும் அம்மாவின் அளவில் இல்லை. தாங்கள் உயிர் கொடுக்க முயன்றது அம்மாவே இல்லை! இந்த இடத்தில் வேறொருவன் உடைந்துபோவான், இவன் சிரிக்கிறான். போனவர்களைத் திருப்ப முடியாது என்பது உறுதியாகிறது. அதே உண்மையிலிருந்துதான் தம்பியை மீட்கும் வழி திறக்கிறது. அவனுக்குக் குரல் கொடுத்த பார்க் ரோமி என்ற நடிகை அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் குரலை நிறுத்தும் விதத்துக்காகவாவது இதை ஜப்பானிய ஒலியில் கேட்க வேண்டும்.

நான்காம் பகுதிக்கு எதிரே 54ஆம் பகுதியை வைத்துப் பாருங்கள். தோற்று, உள்ளங்கை அளவுப் புழுவாகிக் கிடக்கும் என்வி என்ற எதிரி எல்லோரையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடப் பார்க்கிறான். முன்பானால் எட்வர்ட் உதைத்திருப்பான். இப்போது பழிவெறியில் நிற்கும் ராணுவ அதிகாரி மஸ்டாங்கைத் தடுத்துவிட்டு, எதிரி மனதில் இருப்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான்: உனக்கு மனிதர்கள் மேல் பொறாமை. தன்னைப் புரிந்துகொண்டவன் இந்தப் பொடியன்தான் என்ற அவமானம் தாங்காமல் என்வி அழுகிறான்.

உயரத்தைப் பற்றிய கேலியும் சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் யாராவது குட்டை என்றாலே துள்ளிக் குதிக்கிறான், பாலையும் தொடமாட்டான். (மூலக்கதை எழுதிய ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர்; வீட்டுக் குசும்புதான்.) பிற்பகுதியில் நிஜமாகவே உயர்ந்துவிடுகிறான். அந்தக் கேலி எங்கெங்கே குறைகிறது என்று பாருங்கள்.

63ஆம் பகுதியில் தம்பியின் உடம்புக்கு ஈடாகத் தன் ரசவாதத்தையே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறான். வெறும் மனிதனாகிவிடுவாயே என்ற கேள்விக்கு, ஒரு சின்னப் பெண்ணைக்கூடக் காப்பாற்ற முடியாத நான் எப்போதுமே அதுதானே என்கிறான். நீனாவை அவன் மறக்கவில்லை, நாம்தான் மறந்திருப்போம். அடுத்த பகுதியில் கூரையைச் சுத்தியலும் ஆணியுமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறான்.

இதே கதையில் 2003இல் 51 பகுதிகளாக இன்னொரு தொடரும் வந்தது. மூலக்கதை முடியும் முன்பே எடுத்ததால் பாதியிலிருந்து வேறு வழியில் போகும்; அங்கே வேறு ஓர் எட்வர்ட் இருக்கிறான். அதுவும் நல்ல தொடர்தான். ஆனால் முதலில் பிரதர்ஹுட்டைப் பார்த்துவிடுங்கள்.