வேலை என்ற சாட்டு

எங்கள் வாகரைக் கடற்கரையில் கரைவலைக்காரர் ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போகாவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வலையை வளைத்துப் போட்டாயிற்று, கயிறு இழுக்க ஆட்கள் வேண்டும், மீன் நாளைவரை காத்திராது. வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டுப் போனவருக்கும் இதெல்லாம் தெரியும். மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிவிட்டால் அந்தச் சாட்டும் செல்லாது. அந்த வேலை தொடங்குவதையும் முடிவதையும் ஊரே கண்ணால் பார்க்கிறது.

கண்டுபிடிப்பாளரின் வேலைக்கு அப்படியொரு பருவம் கிடையாது. "இது முடியட்டும், பிறகு வருகிறேன்" என்று அவர் சொன்னால், எது முடிய வேண்டும் என்பதை அவர் மட்டுமே அறிவார். சிலவேளை அவரும் அறியார். இந்தப் பழக்கத்தை எடைபோட நிக்கோலா டெஸ்லாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். 1890களில் நியூயோர்க்கில் 'செஞ்சுரி' சஞ்சிகையின் ஆசிரியர்களில் ஒருவரான ரொபர்ட் அண்டர்வுட் ஜோன்சனும் அவர் மனைவி கத்தரினும் டெஸ்லாவை ஓயாமல் விருந்துக்கு அழைத்தார்கள். சில நாள் போனார். பல நாள் வேலையைச் சொல்லி ஒத்திப்போட்டுக் கடிதம் எழுதினார்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. 1895 மார்ச் 13இல் அவருடைய ஆய்வுகூடம் கருவிகளோடும் குறிப்புகளோடும் எரிந்துபோனது. இன்னொன்றை எழுப்பி, தூர நின்றே கம்பியில்லாமல் இயக்கும் சிறு படகொன்றை 1898இல் செய்து காட்டினார். (அதைப் பனிச்சங்கேணிக் களப்பில் விட்டிருந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார்கள்.) இப்படிப்பட்ட வேலையில் அறுந்த யோசனையை மறுநாள் அதே இடத்தில் பிடிக்க முடியாது. முகத்துக்காகப் போய், மனம் எங்கோ கிடக்க இலைக்கு முன்னால் குந்தியிருப்பதைவிட, வர முடியாது என்று முன்கூட்டியே எழுதுவது அழைத்தவருக்கும் மரியாதை. இதுவரை எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அதே டெஸ்லா டெல்மோனிக்கோ உணவகத்தில் பெரிய மனிதர்களோடு விருந்துண்டு, பிறகு அவர்களை இரவோடிரவாக ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய் மின்பொறி பறக்கவிட்டுக் காட்டினார். 1901இல் ஜே. பி. மோர்கன் 150,000 டொலர் தர இணங்கினார். காசுள்ளவர்களோடு கழிந்த இரவுகள் வேலைக் கணக்கில் சேர்ந்தன. நேரமில்லாமல் போனது சிநேகிதருக்குத்தான். இந்தப் பழக்கத்தின் பெரிய ஓட்டை இதுவென்றே நினைக்கிறேன்: வேலை என்று சொல்லிவிட்டால், யாரை முந்தி வைத்தோம், யாரைப் பிந்தி வைத்தோம் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

இன்னொன்று. ஆடலோட்ட மோட்டாருக்கு ஆதாரமான சுழலும் காந்தப்புலம் டெஸ்லாவுக்குப் பிடிபட்டது மேசையில் அல்ல. 1882இல் புடாபெஸ்ட் பூங்காவில் சிகெட்டி என்ற நண்பரோடு மாலையில் உலாவிக்கொண்டிருந்தபோது பொறி தட்ட, தடியால் மணலில் வரைந்து காட்டினார். அவரே எழுதிவைத்த செய்தி இது. உலாவப் போனால் கண்டுபிடிப்பு வரும் என்று சொல்ல வரவில்லை. சிநேகிதத்துக்குக் கொடுத்த நேரமெல்லாம் வேலையிடமிருந்து களவெடுத்தது என்ற கணக்கு பிழை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தான் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஓராளாவது போக வேண்டும்: மனைவி, மூத்த மகன், தம்பி, யாரோ ஒருவர். சும்மா கிடைத்த வழியல்ல. ஆண்கள் கடலில் என்றால் நல்லது கெட்டது அத்தனைக்கும் ஓடுவது பெண்கள்தான். அவர்களுடைய வேலையை ஒத்திவைப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒருவர் தள்ளிப்போடுவதை இன்னொருவர் சுமக்கிறார். ஆனாலும் உறவு அறுவதில்லை.

டெஸ்லாவுக்கு அனுப்ப ஆளில்லை. கண்டுபிடிப்பாளருக்குக் கல்யாணம் ஒத்துவராது என்ற கொள்கையோடு ஹொட்டல் அறைகளில் வாழ்ந்தவர் அவர். அந்தச் சுமை ஜோன்சன் வீட்டிலேயே தங்கிவிட்டது. டெஸ்லாவோடு தொடர்பை விட்டுவிட வேண்டாம் என்று கத்தரின் தன் கடைசி இரவில் கணவரிடம் சொல்லியிருந்தார். அதை டெஸ்லாவுக்கே எழுதித் தெரிவித்த ஜோன்சன், செய்வதற்கு மிகக் கடினமான காரியம் இது, ஆனால் நடக்காமல் போனால் பிழை தன்னுடையதாக இராது என்றும் சேர்த்து எழுதினார்.