இரண்டாவது தமிழ்ப்படம்

சி. எஸ். அமுதன் இயக்கிச் சிவா நடித்து 2010-இல் வெளிவந்த ‘தமிழ்ப்படம்’ என்னும் எள்ளற் படத்தை வயிறு குலுங்க நகைத்துக் கண்டோம். 2018-இல் வந்த இரண்டாம் பாகம் அத்துணைச் சுவை பயக்கவில்லை. காரணம் யாதெனக் கூறுவோம்.

முன்னது எள்ளியது நம் பழக்கத்தை. சிறுவன் மிதிவண்டி மிதித்த மாத்திரத்தில் வாலிபனாகிறான். நரைத்த மூவர் அவனுக்கு இளந்தோழர். ஒரே பாட்டில் ஏழை செல்வனாகிறான். பெண்மகவைக் கொல்லும் கொடுமையைத் தலைகீழாக்கி, ஆண்மகவைக் கொல்லும் ஊரில் கதை தொடங்குகிறது. அவ்விடத்தில் நகைப்பினூடே நமக்கு நெஞ்சு சுருக்கென்றது. தோட்டத்துத் திடலில் திரைகட்டிப் படம் காட்டிய நாள்முதல் இத்தகைய பொய்களுக்குக் கைதட்டியவர் நாமேயன்றோ? ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் அன்று பாய்விரித்தமர்ந்த முதியோரும் விளக்கமின்றி இதற்குச் சிரிப்பர்.

பின்னதோ அண்மைப் படங்களின் காட்சிகளை ஒவ்வொன்றாய்ப் போலி செய்கிறது. மூலத்தைக் கண்டவன் சிரிக்கிறான். காணாதவன் அடுத்திருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். வில்லனாக வரும் சதீஷ் பல வேடம் புனைகிறார். அவை எவற்றின் போலியெனத் தேடுவதே நமக்கு வேலையாயிற்று. 2017-இல் மெரினாவில் ஓ. பன்னீர்செல்வம் அமர்ந்த தியானத்தை எள்ளிய விளம்பரம் மட்டும் துணிவுடையது. அச்செய்தியை இங்கும் அறியாதார் அரியர்.

பாட்டியே ‘டி’ என்னும் கொள்ளைத் தலைவன் என்று தெரியும் முதற்படத்தின் முடிவை நம் நண்பர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர். இரண்டாவதன் முடிவைக் கேட்டாலோ, சற்றே யோசிக்கின்றனர்.