நூற்றுக்கு இரண்டு

மலையில் சைக்கிள் ஓட்டுவதென்றால் தொடை கடுக்க ஏறி, பிரேக் பிடித்தே விரல் மரத்துப்போக இறங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வீரத்தின்மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஏறும்போது முன்சக்கரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது. இறங்கும்போது அடுத்த வளைவைத் தவிர எதையும் பார்க்க முடியாது. இடையில் மலையை எப்போது பார்த்தோம்? பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டுமானால் ரயில்காரர்கள் போட்டுவைத்துவிட்டுப் போன பாதைதான் சரி. அமெரிக்காவின் வடமேற்கில், ஐடஹோ மாநிலம் குறுகி வடக்கே நீளும் பகுதியில், அப்படி இரண்டு பாதைகள் பக்கம்பக்கமாக இருக்கின்றன.

இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு மீட்டர் உயர்ந்தாலே சுமை ஏற்றிய ரயில் திணற ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையோடு மல்லுக்கட்டவில்லை. ஆறு போன வழியே போனார்கள். முடியாத இடத்தில் சுற்றினார்கள், அதுவும் முடியாத இடத்தில் குடைந்தார்கள். நீளமான வண்டி திரும்ப வேண்டுமே என்பதால் வளைவு எதுவும் சட்டென்று ஒடிவதில்லை. மரங்களுக்கிடையே ஓர் ஏரி தட்டுப்பட்டால் அது முழுசாகக் கண்ணுக்கு வந்துசேர இரண்டு மூன்று நிமிடமாகும். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகும் அந்தச் சரிவும் வளைவும் மண்ணில் அப்படியே கிடக்கின்றன. கைவிட்ட ரயில் பாதைகளைத் துண்டு போட்டு விற்றுவிடாமல் இப்படிப் பயன்படுத்த 1983-இல் அமெரிக்கச் சட்டத்தில் வழி செய்தார்கள்.

முதலாவது, கோர் டலேன் பாதை. பிளம்மர் என்ற ஊரிலிருந்து மல்லன் வரை சுமார் 117 கிலோமீட்டர். மூன்று மீட்டர் அகலத்துக்கு வழவழவென்று தார் போட்டிருக்கிறது. பிளம்மர், கோர் டலேன் பழங்குடியினரின் நிலத்துக்குள் இருக்கும் ஊர். அங்கிருந்து காட்டுக்குள் மெல்ல இறங்கிப் போனால் ஏரி வந்துவிடும். ஏரியின் குறுக்கே சாட்கொலெட் பாலம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரயில் ஓடிய நாளில் படகுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி சுழன்று விலகும். இப்போது படகு அடியில் போகும்படி அதை உயர்த்தி நிறுத்திவிட்டார்கள். உயர்த்திய விதத்தில்தான் நயம் இருக்கிறது. ஒரே ஏற்றமாகப் போடாமல், ஒரு சின்ன ஏற்றம், உடனே ஒரு சமதளம், மறுபடி ஏற்றம் என்று படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். மறுபக்கம் பெடலைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். வண்டி வேகம் பிடிக்கும், தணியும், மறுபடி பிடிக்கும். ஃப்ரீவீலின் டிக்டிக் சத்தமும் கூடவே நெருங்கி, தளர்ந்து, நெருங்கி வரும். திரும்பப் போய் இன்னொரு தடவை இறங்குகிற தலை நரைத்தவர்களை அங்கே பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்.

ஹாரிசன் ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையை விட்டு ஆற்றோரமாகத் திரும்பினால் பாதையின் ஆகச் சிறந்த பகுதி தொடங்குகிறது. ஆறு பள்ளத்தாக்கின் அடியில் சோம்பலாக ஓடுகிறது. அதன் இருமருங்கும் ஆண்டர்சன், பிளாக், கேவ், மெடிசின், கில்லார்னி என்று ஏரிகள். பாதை ஏறுவதாகவே தெரியாது. கார் வராத பாதையின் சுகம் அமைதி என்பார்கள். எனக்கு அமைதிகூட இரண்டாம்பட்சம்தான், முதுகு தளர்வதுதான் முதல். சாலையில் ஓட்டும்போது கவனத்தில் பாதி பின்னாலேயே இருக்கும்: வருவது காரா லாரியா, எவ்வளவு ஒட்டிக்கொண்டு போவான் என்று. அந்தப் பாதி இங்கே நம் கைக்குத் திரும்பி வருகிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம். கம்பத்தின் உச்சியில் சுள்ளிக்கூடு கட்டியிருக்கும் விராலடிப்பானை அண்ணாந்து பார்க்கலாம். சதுப்பில் முழங்கால் ஆழத்தில் நின்று நீர்ச்செடி மேயும் மூஸ் மான் தலையைத் தூக்கும்போது தாடையிலிருந்து தண்ணீர் கொட்டும். அது பாதைமேல் வந்து நின்றுவிட்டால் மணி அடிக்கிற வேலை வேண்டாம். குதிரையை விடப் பெரிய பிராணி, அது போகிறவரை நிற்பதுதான் மரியாதை.

இத்தனை பசுமைக்கு நடுவில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகள், புதிதாக வருகிறவரைத் திகைக்க வைக்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள். சாப்பிடும் முன் கையையும் முகத்தையும் கழுவுங்கள். குடிநீரைக் கையோடு கொண்டு வாருங்கள். காரணம் காலடியில் இருக்கிறது. மேல் பள்ளத்தாக்கு 100 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி கொடுத்த பூமி. அந்தச் சுரங்கங்களுக்காகப் போட்ட ரயில் இது. தாதுவை ஏற்றிச் செல்லும்போது வழியெல்லாம் சிந்தியது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிப் பரப்பியதும் சுரங்கக் கழிவுதான். மண்ணில் ஈயம், ஆர்செனிக், காட்மியம். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனமும் மத்திய அரசும் மாநிலமும் பழங்குடியினரும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நச்சு மிகுந்த இடங்களில் மண்ணை அள்ளுவது, மற்ற இடத்தில் தார் போட்டு மூடுவது என்று முடிவானது. 2004-இல் பாதை திறந்தது. நாம் ரசித்து ஓட்டும் அந்த வழவழப்பு, நஞ்சின் மேல் போட்ட மூடி.

தெரிந்த பிறகு ரசனை குறைகிறதா என்று கேட்டால், எனக்குக் குறையவில்லை, கூர்மையாகிறது. ஆனால் மூடி மூன்று மீட்டர் அகலம்தான். 1968 வரை சுரங்கக் கழிவு நேராக ஆற்றில் போனது, அந்த வண்டல் ஏரிகளின் அடியில் இன்னும் இருக்கிறது. வசந்தத்தில் வடக்கே போகும் வழியில் இறங்கும் துந்திர அன்னங்கள் கிழங்கு தேடிச் சேற்றைக் கிளறுகின்றன, ஈயத்தையும் சேர்த்து விழுங்குகின்றன, சாகின்றன. அந்த வெள்ளைக் கூட்டத்தைப் பார்க்கவே ஏப்ரலில் வண்டி எடுத்து வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

கட்டால்டோவுக்கு மேலே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார் வராத பாதைதான், கார் சத்தம் வராத பாதை அல்ல. தேசிய நெடுஞ்சாலை 90 பள்ளத்தாக்கு நெடுகக் கூடவே வந்து இரைகிறது. சரிவும் லேசாகக் கூடுகிறது. ஆனாலும் மல்லன் வரைக்குமான 48 கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறுவது சுமார் 350 மீட்டர், நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. வழியில் கெலாக், நோவா கெலாக்கின் தொலைந்துபோன கழுதை 1885-இல் சுரங்கத்தைக் காட்டிக்கொடுத்தது என்று பெருமை பேசும் ஊர். அப்புறம் வாலஸ். அதன் கடைவீதி முழுவதுமே வரலாற்றுச் சின்னம், இடிக்க முடியாது. ஆகவே நெடுஞ்சாலையைத் தூண்மேல் ஏற்றி ஊருக்கு ஓரமாகக் கொண்டுபோனார்கள். 1991 வரை சியாட்டிலுக்கும் பாஸ்டனுக்கும் நடுவே அந்த நெடுஞ்சாலையில் எஞ்சியிருந்த ஒரே சிக்னல் விளக்கு இங்கேதான். இப்போது லாரிகள் தலைக்கு மேலே ஓடுகின்றன, சைக்கிள் கீழே போகிறது.

இரண்டாவது பாதை மல்லனுக்குக் கிழக்கே, மாண்டனா எல்லையில். ஹியாவாதா பாதை, 24 கிலோமீட்டர், தார் இல்லை, சரளைதான். 1909-இல் பசிபிக் கடற்கரை வரை லைன் போட்டு முடித்த மில்வாக்கி ரயில் நிறுவனம் 1980-இல் கைவிட்டுப்போனது. 1998-இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். பத்து குகைகள், ஏழு உயர்பாலங்கள். முதல் குகை டாஃப்ட், 2.7 கிலோமீட்டர். கோடையிலும் உள்ளே 8 டிகிரிதான் இருக்கும். விளக்கு இல்லாமல் விடமாட்டார்கள். நம் விளக்கு காட்டுவது முன்னே கொஞ்சம் ஈரச் சரளை, இரு ஓரமும் ஓடும் வாய்க்கால், அவ்வளவே. ஆழத்தில் எங்கோ எதிரே வருகிற விளக்கு நெருங்குகிறதா நிற்கிறதா என்றே பிடிபடாது. தூரத்தை அளக்கக் கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும் என்பது அங்கேதான் உறைக்கிறது. வெளியே வந்தால் வெயிலும் ஓர் அருவியும். பிறகு பாதை பள்ளத்தாக்கைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. 70 மீட்டர் உயரமுள்ள பாலத்தின்மேல் நிற்கையில், பள்ளத்தாக்கின் மறுபக்கம் கீழே இன்னொரு பாலம் தெரியும். அரை மணியில் நாம் அதன்மேல் இருப்போம்.

அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றிவிடப் பேருந்து உண்டு. பெரும்பாலானோர் சைக்கிளை அதில் மாட்டிவிட்டு ஏறிக்கொள்கிறார்கள். குழந்தைகளோடு வந்தால் சரி, மற்றபடி வேண்டாம் என்பேன். இறக்கத்தில் பாலங்களைக் கடந்துதான் போகிறோம். அதே பாதையில் ஏறி வந்தால் வேகம் பாதியாகிவிடும், பாலம் ஒவ்வொன்றும் இரட்டிப்பு நேரம் நீளும். நூற்றுக்கு இரண்டைத் தாண்டாத ஏற்றம், ஒரு கியர் குறைத்தால் போதும். பேச்சு நின்றுபோகிற அளவுக்கு மூச்சு வாங்காது.