டிரங்குப் பெட்டியில் ஒரு படை

மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு அட்டாலியிலிருந்து இரண்டு பெட்டிகள் இறங்கும். ஒன்று அம்மாவின் டிரங்குப் பெட்டி, கொலு பொம்மைகள் இருப்பது. இன்னொன்று என் தகர டூல்பாக்ஸ். மேசைமேல் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக நான் வாங்கி வர்ணம் தீட்டிய சிப்பாய்கள் அதில் இருக்கிறார்கள். டூல்பாக்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு வருஷம், இடம் போதாமல், பிளாஸ்டிக் குதிரைவீரர்கள் முப்பது பேரை அம்மாவின் டிரங்குப் பெட்டியிலேயே ஒரு மூலையில் போட்டு வைத்தேன். அடுத்த புரட்டாசியில் திறந்தபோது பெட்டியிலிருந்த செட்டியாரும் செட்டியாரம்மாவும் அரிசி பருப்போடு அப்படியே இருந்தார்கள். என் குதிரைவீரர்களுக்கு முகமில்லை. ஒருவர் முதுகில் இன்னொருவர் ஒட்டி, உருகின மெழுகு போல இருந்தார்கள். "ஏங்கண்ணு, உன்ற சிப்பாய்க்கெல்லாம் மூஞ்சி எங்க போச்சு?" என்றார் அம்மா. அவர் போட்டிருந்த அந்துருண்டைதான் காரணம். அதிலுள்ள நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சுட்ட மண்ணை ஒன்றும் செய்யாது.

ஒரு படையைக் காக்கும் சரக்கு இன்னொரு படையை அழிக்கிறது என்று தெரிந்த அந்த நாளிலிருந்து, சின்னப் பொம்மைகளைப் பற்றி யார் எதை எழுதினாலும் எனக்கு ஒரு கேள்விதான்: ஆடி முடித்த பிறகு இவற்றை எங்கே வைத்தார்கள்?

மேசைப் போரின் கதையைப் பிரஷ்யாவிலிருந்து தொடங்குவது வழக்கம். ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் அரசருக்குக் காட்டிய விளையாட்டை அவர் மகன் திருத்தி, 1824-ல் விதிநூலாக வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பழகினார்கள். கட்டைகளுக்கு முகம் வந்தது குழந்தைகள் பக்கத்திலிருந்து. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-ல் உள்ளே கூடாக வார்த்த ஈயச் சிப்பாய்களை விற்க ஆரம்பித்தது. உயரம் 54 மில்லிமீட்டர். அதன் பட்டியலில் வங்காள, மெட்ராஸ் குதிரைப்படைகளும் இருந்தன. எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் ஒரு சின்ன விதிநூல் எழுதினார். அவர் ஆட்டத்தில் பொம்மைப் பீரங்கி நிஜமாகவே மரக்குச்சியை எறிந்து சிப்பாயை விழத் தட்டும். பிறகு 1959-ல் ஏர்ஃபிக்ஸ் மலிவு பிளாஸ்டிக்கில் விரல்கணு அளவு வீரர்களைக் கொண்டுவந்தது. 1983-ல் வந்த வார்ஹேமர், அரக்கர்களையும் குள்ளர்களையும் படையில் சேர்த்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க பெரும்பாலும் 28 மில்லிமீட்டர்தான் பேச்சு.

இந்த வரிசை சரிதான், ஆனால் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படையையும் பலகையில் நிறுத்தியது சதுரங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வங்காளத்துத் தந்தச் சிற்பிகள் 'ஜான் கம்பெனி' என்று இப்போது அழைக்கப்படும் சதுரங்கக் காய்களைச் செதுக்கினார்கள்: ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, எதிர்ப்பக்கம் இந்திய மன்னர் படை. காய் ஒவ்வொன்றும் சீருடையோடு நிற்கும். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டி நின்ற 'தம்பி' குதிரையும், என் கணக்கில், இந்தக் குலத்துப் பிள்ளைதான்.

இனி எங்கள் பக்கம். மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்து போர் ஆட விரும்புகிறவனுக்கு வாட்டர்லூ தேவையில்லை. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜலட்டிக் கணவாய் வழியாகப் படையோடு இறங்கி, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படையோடு மோதினார். பகல் முழுக்கப் பீரங்கிச் சண்டை. மறுநாள் பின்வாங்கும்போது ஃபிளாய்டு சில பீரங்கிகளை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் கோயமுத்தூர்க் கோட்டையை மைசூர்ப் படை முற்றுகையிட்டு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துக் கணவாய்ப் பாதையைக் காவல் காத்த டணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. கோடையில் நீர் நன்றாக வற்றினால் அங்குள்ள கோயில் தலைகாட்டும்.

இந்தப் போரை மேசையில் வைக்க நான் மூன்று வருஷமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொம்மை இருபது ஆளுக்குச் சமம் என்று கணக்கு. கம்பெனிப் பக்கம் 36-ஆம் ரெஜிமெண்டுக்குச் சிவப்புக் கோட்டு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. மைசூர்க் காலாட்படைக்குச் சட்டையில் புலிவரி. இந்தப் புலிவரிதான் ஆளைக் கொல்லும். 28 மில்லிமீட்டர் மனிதனின் மார்பு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதில் வரி போட்டால் தூரத்திலிருந்து அழுக்கு போலத் தெரிகிறது; போடாவிட்டால் அவன் திப்புவின் ஆள் இல்லை. நாலைந்து வரியை நிஜத்தைவிடப் பெரிதாகப் போட்டு, மீதியைப் பார்ப்பவர் கண்ணுக்கு விட்டுவிடுவது என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன்.

தீட்டும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் பிரைமர், கறுப்போ சாம்பலோ. அடுத்தது நாம் உடுத்துகிற அதே வரிசை: தோல், சட்டை, அதன்மேல் வார், கடைசியாகத் துப்பாக்கி. உள்ளே இருப்பதை முதலில் தீட்டினால் வெளியே இருப்பதில் கை பட்டுக் கெடாது. பிறகு தண்ணீர் போல நீர்த்த பழுப்பு மையை மேலே ஓடவிட வேண்டும். அது மடிப்புகளில் தேங்கி நிழலாகக் காய்கிறது. இந்த நிழல் எதற்கு? இவ்வளவு சின்ன உருவத்தில் வெளிச்சம் போதுமான நிழலை விழவைப்பதில்லை. ஆகவே வெளிச்சம் செய்ய வேண்டிய வேலையை பிரஷ் செய்கிறது. நிழல் காய்ந்ததும், மேட்டுப் பகுதிகளில் ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் வெளிர்நிறம் தேய்ப்பது. தலை மொத்தமே நாலு மில்லிமீட்டர் என்பதால் கண்ணை நான் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்துவிடுவேன். பிசகினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம். வெள்ளையில் ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு புள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு.

மண்ணில் பொம்மை செய்கிறவர்கள் இதற்கு நேர் எதிர். கண் திறப்பதுதான் கடைசி வேலை.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. தைப் பொங்கலை ஒட்டி அங்கே நடக்கும் விழாவில், கால்நடைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விவசாயிகள் மண்ணாலான மாடு, கன்று உருவங்களைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். கொங்கில் இதற்குப் பெயர் உருவாரம். பூளவாடிப் பக்கத்து மண்பாண்டத் தொழிலாளர்கள் மார்கழியிலேயே இவற்றைச் செய்து அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சுட்ட மண்ணின்மேல் வெள்ளை, அதன்மேல் இரண்டு மூன்று நிறம், கொம்புக்கு ஒரு இழுப்பு, கண்ணுக்கு ஒரு சுழி. வெயிலில், நின்றபடி, கூட்டத்தோடு பார்க்கும் உருவத்துக்கு அதற்குமேல் வர்ணம் வீண். நிழல் தீட்ட அவசியமே இல்லை; தை மாத வெயில் அதைப் பார்த்துக்கொள்கிறது.

அண்ணன்மார் கோயில்களில் முழுப் படையே நிற்கிறது. பொன்னரும் சங்கரும் குதிரைமேல், தங்காள், சாம்புவன், பூதாகாரமாய் மகாமுனி, கன்னிமார் எழுவர். ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்த அண்ணன்மார் கதையைப் பாட்டாகக் கேட்டுப் பதிவு செய்தார். 1982-ல் அவருடைய ஆய்வு நூலும் 1992-ல் கதையின் முழுப் பாடமும் வெளிவந்தன. பெக் கதையை எப்படி அடுக்குவது என்று காட்டினார். அந்தக் கதை சிலைகளாக எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் யார், யார் வாசலைப் பார்த்து நிற்கிறார் என்று கோயில் கோயிலாகப் போய் வரைந்து வைத்தால் அதுவும் ஒரு நூலாகும். போர்விளையாட்டுக்காரன் கண்ணுக்கு அந்த வரிசை வெறும் பக்தி இல்லை, அணிவகுப்பு.

மண் உருவங்களைப் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டி ஸ்டீபன் இங்கிலிஸ். மதுரைப் பக்கத்து வேளார்களைப் பற்றிய அவர் நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-ல் வெளியிட்டது. பிறகு எழுதிய கட்டுரையொன்றில் அவர் வேளார்களையும் கம்மாளர்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். கம்மாளர் கல்லிலும் உலோகத்திலும் செய்வது நிலைத்து நிற்க வேண்டியது. வேளார் மண்ணில் செய்வது உடைந்து, கரைந்து, மறுபடி செய்யப்பட வேண்டியது. அழிவது அந்தக் கலையின் குறை அல்ல, அதன் நியதி. இதைப் படித்த பிறகு கோயில் வாசலில் காதுடைந்து மழையில் நிற்கும் மண் குதிரையைப் பார்த்து 'ஐயோ, பராமரிப்பு இல்லையே' என்று பதறுவதை நான் விட்டுவிட்டேன். அதை வைக்க யாரும் பெட்டி செய்யவில்லை.

நிலைப்பது, அழிவது என்ற இரண்டுக்கும் நடுவில் கொலு நிற்கிறது. மண் அதே மண், செய்கிறவர்களும் பல ஊர்களில் அதே குலம். ஆனால் இது பெட்டிக்குத் திரும்ப வேண்டிய படை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி என்று பொம்மை வரும் ஊர்கள் தெரிந்ததே. முன்பாதி பின்பாதி என இரண்டு அச்சில் மண்ணையோ காகிதக்கூழையோ அழுத்தி எடுத்து, ஒட்டி, உலர்த்தி, வெள்ளைப் பூச்சின்மேல் வர்ணம் ஏற்றுகிறார்கள். ஆறடி தள்ளி ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதற்கான வர்ணம் அது. அதனால்தான் கிளிப்பச்சையும் ரோஸும் அவ்வளவு துணிச்சலாக அடுத்தடுத்து வருகின்றன. அதே பொம்மையைக் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்தால் சேலைக் கரை கோணலாக ஓடுவது தெரியும். அங்கிருந்து பார்க்கச் சொல்லி யாரும் செய்யவில்லை.

பொம்மைக்கடைக்காரர்கள் தனிப் பொம்மையைவிட 'செட்' விற்பதைத்தான் விரும்புகிறார்கள்: தசாவதார செட், கல்யாண செட், பேண்டு வாத்திய செட், கிரிக்கெட் செட். போர்விளையாட்டில் ஒரு ரெஜிமெண்டை வாங்குவதும் இதுதான். இரண்டு பைத்தியத்துக்கும் நோய் ஒன்று: பதினொரு பேரில் ஒருவன் உடைந்தால் செட் போயிற்று என்று தோன்றும். எங்கள் வீட்டில் விக்கெட் கீப்பர் இல்லாத கிரிக்கெட் செட் இருக்கிறது. அந்த இடத்தில் பல வருஷமாக ஒரு தவழும் கிருஷ்ணர் நிற்கிறார். பந்து ஒன்றும் தவறியதாகத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் கொலு வைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நிறம் மங்கிய பழைய பொம்மையின்மேல் எனாமல் பெயிண்டை அடிப்பது. பளபளப்பு வரும், கூடவே மூக்கின் கூர்மையும் நகைகளின் புடைப்பும் போகும். ஒவ்வொரு பூச்சும் உருவத்தை ஒரு சட்டை அளவு தடிமனாக்குகிறது. நாலாவது முறை அடித்த சரஸ்வதிக்கு விரல்கள் பிரிந்திருப்பதில்லை. மங்கின சரஸ்வதி மங்கினபடியே மேல்படியில் இருக்கட்டும்.

இனி பெட்டி. அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு: மேல்படியில் நிற்பது பெட்டியில் அடியில் போகும். மண்ணின் எடை கீழே, காகிதக்கூழ் மேலே என்பதும் சேர்ந்துகொள்ளும். பொம்மைக்குப் பொம்மை பழைய வேட்டித் துணி, இடுக்குகளில் வைக்கோல். சிலதை செய்தித்தாளில் சுற்றியிருப்பார். பிரித்தால் கைபடாத கசங்கலோடு ஏதோ ஒரு தேர்தல், ஏதோ ஒரு மழை. அந்தப் பொம்மை கடைசியாக எந்த வருஷம் படியேறியது என்பதற்கு அந்தத் தாளின் தேதிதான் எங்களிடமுள்ள ஒரே பதிவேடு. காகிதம் ஈரத்தை இழுத்து மையை வெள்ளைப் பூச்சில் ஒட்டவிடும் என்பதால் இப்போது துணிக்கு மாறிவிட்டோம். பொம்மைக்கு நல்லது, பதிவேடு நின்றுபோயிற்று.

என் பெட்டியில் அளவுதான் முதல் பிரிவு. உருளைக்கிழங்கு மண்டியில் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தானாக வரும். 54 மில்லிமீட்டர் ஈயச் சிப்பாயை 28-ன் பக்கத்தில் வைத்தால் தகப்பனும் மகனும் போல இருக்கும், போர் நடக்காது. அளவுக்குள் படை, படைக்குள் ரெஜிமெண்டு. அடித்தட்டின் கீழே சின்னக் காந்தம் ஒட்டி, தகரத் தட்டில் நிறுத்திவிட்டால், பைக்கில் கொண்டுபோனாலும் ஈட்டி முறியாது. ஈயப் பொம்மைகளை மர அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. சில மரங்களும் பிளைவுட்டும் விடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அருங்காட்சியகங்கள் இதற்கு அஞ்சுகின்றன. மழைநாளில் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஐப்பசியில் மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கிய ஒரு சாயங்காலம் அவசரப்பட்டு அடித்து, பன்னிரண்டு மைசூர் வீரர்களைப் பனிமூட்டத்துக்குள் அனுப்பினேன். இன்னும் அவர்கள் வெளியே வரவில்லை.

கம்பெனியை எதிர்த்த எங்கள் கொங்குத் தலைவர் தீரன் சின்னமலையின் ஆட்களுக்குக் கடையில் பொம்மை எனக்குக் கிடைக்கவில்லை. மராத்தியக் காலாட்களை வாங்கி, தலைப்பாகையை அறுத்து, பிசைந்து ஒட்டும் பச்சை எபாக்ஸியில் கொங்கு உருமால் கட்டிவிடுகிறேன். அவர் கம்பெனியோடு மோதிய அறச்சலூர்ப் போரை ஆடுவதற்கு இன்னும் நாற்பது உருமால் பாக்கி.

ஒவ்வொரு வீரனின் அடித்தட்டிலும் மெல்லிய பேனாவில் ரெஜிமெண்டு, வருஷம், சட்டைக்குக் கலந்த நிறங்களின் விகிதம் எழுதியிருக்கிறேன். போன விஜயதசமி ராத்திரி, ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தபின், அம்மாவிடம் ஒவ்வொரு பொம்மையாகக் காட்டி எங்கே, எப்போது, யார் வாங்கியது என்று கேட்டேன். அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்றுக்கு அவருக்கு விடை தெரிந்தது. மீதியைத் தெரிந்தவர் பாட்டி, அவர் இல்லை. இந்த வருஷம் கொலுவை எடுத்து வைக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து, உங்கள் வீட்டுப் பொம்மையின் அடியில் ஊரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுச் சுற்றுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.