கொன்றது நண்டு, பார்த்தது போதிசத்துவர்

குரங்கும் முதலையும் கதையை எங்கள் எருமப்பட்டியில் சொன்னால் நாவல்மரம் வரும். பாலி ஜாதகத்தின் 208ஆம் கதையில் அது அத்திமரம். மற்றபடி தந்திரம் ஒன்றுதான். நடு ஆற்றில் சிக்கிய குரங்கு, இருதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்ததாகப் புளுகித் தப்பிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது கெட்டிக்காரக் குரங்கு, அவ்வளவே. (கொல்லிமலைக்கு அப்பால் தியாகனூரில் புத்தர் கல்லாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார், கதைகளிலிருந்து மட்டும் எப்போதோ இறங்கிப்போய்விட்டார்.) ஜாதகத்திலோ அந்தக் குரங்குதான் போதிசத்துவர், புத்தரின் முற்பிறவி. சிக்கல் அதில்தான். போதிசத்துவர் வேறு ஒழுக்கங்களில் சில சமயம் வழுக்கினாலும் பிறரை ஏமாற்றும் பொய்யை மட்டும் சொல்லமாட்டார் என்கிறது அதே தொகுப்பின் 431ஆம் கதையான ஹாரித ஜாதகம்.

இவை ஊர்க்கதைகள், பஞ்சதந்திரத்திலும் உண்டு, துறவிகள் எடுத்தாண்ட பொதுச்சொத்தில் அறநூலின் ஒழுங்கைத் தேடுவது வீண் என்று மறுக்கலாம். பாதி சரி. கதை பொதுச்சொத்துதான், அதில் போதிசத்துவருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்தவர்கள் பௌத்தர்கள். கொக்கும் நண்டும் கதையை (38) எடுத்துக்கொள்வோம். வேறு குளத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி மீன்களைத் தின்று மரத்தடியில் முள்ளாகக் குவித்த கொக்கின் கழுத்தைக் கொடுக்கால் பற்றிக்கொண்டே நண்டு பயணம் போகிறது. குட்டு வெளிப்பட்டதும் கழுத்தை நெரிக்கிறது. கொக்கு கெஞ்சுகிறது, சொன்னபடி குளக்கரைக்கே திரும்புகிறது. ஆபத்து நீங்கிவிட்டது. அதன் பிறகுதான் நண்டு கழுத்தைத் துண்டிக்கிறது. இங்கே போதிசத்துவர் நண்டு அல்ல, மரத்திலிருந்து பார்க்கும் தேவதை. சுலசா ஜாதகத்திலும் (419) இதே ஏற்பாடு: தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்த திருடனைக் கணிகை சுலசா வணங்குவதுபோல் சுற்றிவந்து தள்ளிவிடுகிறாள், போதிசத்துவர் அவளைப் புகழும் மலைத்தேவதை. யாருக்கும் காயமில்லாத பொய்யென்றால் அவரே சொல்வார். உயிர் போகும் தந்திரமென்றால் நண்டோ கணிகையோ செய்ய, அவர் சாட்சியாக நிற்பார். தொகுத்தவர்களுக்கு உறுத்தல் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த உறுத்தல் இக்கதைகளின் பெருமை. அதைத் தீர்த்த விதம் கோழைத்தனம். எளியவள் கையில் கறையை விட்டுவிட்டு மேலே நின்று மெச்சுவது நடுநிலை ஆகாது.

தந்திரமே கூடாது என்பதல்ல வாதம். போதிசத்துவரே மகோசதராக வரும் கதையில் (546) அவர் ஒரு குழந்தைக்கு உரிமை கோரும் இருவரைக் கோட்டின் இருபுறமும் நிறுத்தி இழுக்கச் சொல்கிறார். பிள்ளை அழுததும் பிடியை விட்டவளே தாய். அது உண்மையை வெளியே கொண்டுவரும் தந்திரம். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிருக்கு வேறு வழியற்ற சுலசாவையும் குறைசொல்ல முடியாது. செய்தபின் கதை அவளை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. சுலசா ஊர் திரும்புகிறாள், கதை முடிகிறது. தமிழுக்கு வந்த குண்டலகேசியில் அவளைப் போலவே கணவன் காளனை மலையிலிருந்து தள்ளியவள், பழைய வாழ்வுக்குத் திரும்பாமல் துறவுக்குப் போகிறாள். நாதகுத்தனாரின் அந்தக் காப்பியத்தில் சில பாடல்களே நமக்கு மிஞ்சியதால் அதைப் பற்றி மேலும் அடித்துச் சொல்லமாட்டேன்.

சாத்தனாரின் பௌத்தக் காப்பியமான மணிமேகலை முழுதாகக் கிடைத்திருக்கிறது. தன்னை விரும்பித் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை என்பவளின் உருவெடுப்பது அப்பாவித் தந்திரம். ஆனால் அந்த உருவத்தைத் தன் மனைவியென்றே நம்பிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை முற்பிறவி வினையைக் காரணம் காட்டுகிறது. அதுவும் ஒருவகைச் சமாளிப்புதான். ஆனாலும் சாத்தனார் மணிமேகலையைத் தூணிலோ மரத்திலோ ஏற்றி வேடிக்கை பார்க்க வைக்கவில்லை. இறந்தவனுக்காக அவளே அழுகிறாள், அவளே சிறைக்கும் போகிறாள்.